சேர்க்கத் தெரிந்த இயந்திரம், நீக்கத் தெரியாத முதலாளி

ஒரு கடையின் டேட்டாபேஸையும் மடல் அனுப்பும் கருவியையும் இணைப்பது இன்றைக்கு ஐந்து நிமிட வேலை. ஜாப்பியர், மேக், என்8என், ஸோஹோ ஃப்ளோ என்று கடை விரித்திருக்கும் கருவிகளில் ஏதாவது ஒன்றைத் திறக்க வேண்டும். இடப்பக்கம் "புதிய வரிசை வந்தால்" என்று ஒரு பெட்டி, வலப்பக்கம் "சந்தாதாரராகச் சேர்" என்று ஒரு பெட்டி, நடுவில் ஓர் அம்புக்குறி. முடிந்தது கதை. பில் போடும்போது வாடிக்கையாளர் வாய்வழியாகச் சொன்ன மின்னஞ்சல் முகவரி, கால் மணி நேரத்துக்குள் மெயில்சிம்ப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். அன்று மாலையே "எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" என்று மடல் பறக்கும். எந்தக் குடும்பம், யார் சேரக் கேட்டார்கள் என்பதெல்லாம் வேறு விஷயம்!

இதைச் சொல்லிக்கொடுக்க இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாப் பாடமும் ஒரே இடத்தில்தான் முடியும். சோதனைக்கு ஒரு பெயரைப் பதிவார்கள், அந்தப் பெயர் பட்டியலில் வந்து விழும், பச்சை நிறத்தில் ஒரு டிக் தோன்றும், "இவ்வளவுதாங்க, வீடியோ பிடிச்சிருந்தா லைக் பண்ணுங்க". சேர்ந்த ஆள் நாளைக்கே "போதும், விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் அந்தச் சொல் எங்கே போகும், டேட்டாபேஸுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கிற பாடம் அபூர்வம்.

அம்புக்குறி ஒரே பக்கம்தான் போகிறது. சண்டையே அங்கேதான். திரும்பி வரும் அம்பை வரையாமல் இந்த இணைப்பை ஓடவிடுவது தவறு. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நகர்ந்துவிடக்கூடிய தவறும் அல்ல. ஒரு மனிதர் சொன்ன "வேண்டாம்" யார் காதுக்கும் எட்டாத இடத்தில் போய் விழுகிறது. அவர் சொன்ன "சரி" மட்டும் (பல சமயம் சொல்லாத "சரி"யும்) நிமிடக் கணக்கில் கடத்தப்படுகிறது. இதற்குப் பெயர் வசதி!

இந்த இயந்திரம் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்தால் கோளாறு எங்கே என்று புரியும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை டேட்டாபேஸ் பக்கத்திலேயே நின்று விழித்துக் கொண்டிருப்பதில்லை. தபால் வந்திருக்கிறதா என்று வாசலை எட்டிப் பார்ப்பது மாதிரி அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கும். ஜாப்பியரின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. காசு கொடுத்தால் இடைவெளி குறையும். எட்டிப் பார்க்கும்போது அட்டவணையின் கடைசிச் சில வரிசைகளைப் படித்து, ஒவ்வொன்றின் ஐடி எண்ணையும் ஏற்கெனவே பார்த்த எண்களோடு ஒப்பிடும். இதுவரை பார்க்காத எண் இருந்தால் "ஆஹா, புது ஆள்" என்று தூக்கிக்கொண்டு போய் மடல் பட்டியலில் சேர்த்துவிடும்.

இப்போது ஒரு வரிசையை யாராவது அழித்துவிட்டால்? ஒன்றும் ஆகாது. அடுத்தமுறை எட்டிப் பார்க்கும்போது அந்த வரிசை அங்கே இல்லை. இல்லாத ஒன்றை எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? இருக்கிற வரிசையில் ஏதாவது மாறியிருந்தால் மட்டுமாவது தெரியுமா என்றால், "கடைசியாக மாற்றிய நேரம்" என்று ஒரு பத்தி இருந்து, அதைக் கவனிக்கும்படி தனியாகச் சொல்லிவைத்திருந்தால்தான் தெரியும். டேட்டாபேஸுக்குள் இருந்தே அழித்தலைக் கவனித்துச் சொல்லும் வழிகளும் உண்டு. ஐந்து நிமிட வீடியோ அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. ஆக, பிறப்பை உடனே அறிவிக்கவும் இறப்பைப் பற்றி மூச்சுவிடாமல் இருக்கவும் பழக்கப்பட்ட ஏற்பாடு இது. கருவியைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்பதால் இப்படி ஆகவில்லை. எட்டிப் பார்க்கும் முறையின் சுபாவமே அப்படி. அந்தச் சுபாவம் தெரிந்தும் அதற்கு ஈடுகட்டாமல் விடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கத்தில் இன்னொரு கூத்து. வாடிக்கையாளர் "அன்சப்ஸ்கிரைப்" சுட்டியை அழுத்துவது மடலின் அடியில். அந்த விலகல் பதிவாவது மடல் கருவியின் சொந்தக் கணக்கில். கடையின் டேட்டாபேஸுக்கு இந்தச் சேதி தானாக வராது. அங்கே அந்த மனிதர் இன்னமும் பெயர், முகவரி, பிறந்தநாள் சகிதம் விசுவாசமான வாடிக்கையாளராகவே வாழ்ந்துகொண்டிருப்பார். ஒரே ஆள், இரண்டு புத்தகத்தில் இரண்டு கதை.

சேதியைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லையா? தாராளமாக இருக்கிறது. யாராவது விலகினால் அந்த நொடியே குறிப்பிட்ட முகவரிக்குத் தகவல் தட்டிவிடும் வெப்ஹுக் வசதி மெயில்சிம்ப்பில் உண்டு. ஜாப்பியரில் "புதிதாக விலகியவர்" என்று தயாராக ஒரு ட்ரிக்கரே உண்டு. அதை எடுத்து, டேட்டாபேஸில் அந்த ஆளின் வரிசையில் "மடல் வேண்டாம், இன்ன தேதி" என்று எழுத இன்னொரு ஐந்து நிமிடம் போதும். போகும் அம்புக்குச் செலவழித்த அதே ஐந்து நிமிடம்! முதலாளி கேட்கவில்லை, அமைத்துக் கொடுத்தவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். சேர்ப்பதற்குக் கூலி உண்டு, நீக்குவதற்கு யார் கூலி கொடுப்பார்கள்?

இதனால் என்ன பெரிய நஷ்டம் வந்துவிடப் போகிறது, விலகியவருக்குத்தான் மடல் போகாதே என்று ஒரு வாதம் வரும். அந்தக் கருவி, அந்தப் பட்டியல், அப்படியே இருக்கும்வரை போகாது, உண்மை. ஆனால் எந்தக் கடையும் ஒரே கருவியோடு வாழ்நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துவதில்லை. மாதக் கட்டணம் ஏறும், "அதைவிட இது மலிவு" என்று இன்னொன்றுக்குத் தாவுவார்கள். தாவும்போது பழைய கருவியில் இருந்த விலகியோர் பட்டியலை எடுத்துவர வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. "டேட்டாபேஸில்தான் எல்லாரும் இருக்கிறார்களே, அங்கிருந்து ஒரே அமுக்கில் நிரப்பிவிடலாம்" என்பார்கள். அவ்வளவுதான், இரண்டு வருடத்தில் விலகிப்போன அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் உயிர்த்தெழுந்து வந்து வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கும் "குடும்பத்துக்கு வரவேற்கிறோம்" மடல் போகும்.

கருவி மாறாவிட்டாலும் ஆபத்து உண்டு. விலகிய ஆள் மறுபடி கடைக்கு வருவார். மடல் பிடிக்கவில்லை என்றால் சட்டை பிடிக்கவில்லை என்று அர்த்தமா? புது பில், புது வரிசை, புது ஐடி. இயந்திரத்துக்கு அவர் புது ஆள். மெயில்சிம்ப் இந்த இடத்தில் ஓரளவு காவல் காக்கிறது. தானே விலகிப்போனவரை ஏபிஐ வழியாக மறுபடி சேர்க்கப் போனால் பிழைச் செய்தி காட்டி மறுத்துவிடுவது உண்டு. நிரந்தரமாக அழிக்கப்பட்டவரை இறக்குமதி செய்யவே விடாது, அவரே வந்து சேர வேண்டும். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடன் நம் ஊர் சாமர்த்தியம் என்ன செய்யும்? "எர்ரர் வருது சார்" என்று சொல்லி, புதிதாக இன்னொரு பட்டியல் தொடங்கி, அதில் சேர்த்துவிட்டு, "இப்ப சரியாயிடுச்சு சார்" என்று சொல்லும். :-)

கற்பனையாக மிரட்டுவது போல இருக்கிறதா? 2016 ஆகஸ்டில் ஃப்ளைபி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட மடல்களை அனுப்பியது. உங்கள் விவரங்கள் சரிதானா என்று கேட்கும் மடல். பழைய தகவல் இருந்தால் திருத்துங்கள், விளம்பரம் வேண்டுமா வேண்டாமா என்பதையும் புதுப்பியுங்கள், பரிசுக் குலுக்கல்கூட உண்டு என்று அழைப்பு. விசேஷம் என்னவென்றால், மடல் போனதெல்லாம் ஏற்கெனவே "விளம்பர மடல் வேண்டாம்" என்று அந்த நிறுவனத்திடம் சொல்லிவைத்தவர்களுக்கு! வேண்டாம் என்றவரிடமே போய் "வேண்டாம் என்றது நிஜம்தானா?" என்று 33 லட்சம் தடவை கேட்டது அந்த நிறுவனம். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017 மார்ச்சில் 70,000 பவுண்ட் அபராதம் போட்டது.

அதே சமயத்தில் மாட்டிய இன்னொரு நிறுவனம் ஹோண்டாவின் ஐரோப்பியக் கிளை. இதன் கதை இந்த விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. மொத்தம் 2,89,790 மடல்கள், 13,000 பவுண்ட் அபராதம். மடல் போனவர்களில் யார் சம்மதம் சொன்னார், யார் மறுத்தார் என்ற தகவலே நிறுவனத்திடம் இல்லை. அந்த விவரம் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று இயந்திரம் யோசிக்குமா? முகவரி இருக்கிறது, மடல் போகிறது. இது விளம்பரமே இல்லை, வாடிக்கையாளர் சேவை, சட்டத்துக்குக் கீழ்ப்படியத்தான் கேட்டோம் என்று ஹோண்டா வாதாடியது. எடுபடவில்லை. அதே ஆண்டு ஜூனில் மாரிசன்ஸ் சூப்பர் மார்க்கெட்டுக்கு 10,500 பவுண்ட் அபராதம். விளம்பரம் வேண்டாம் என்றிருந்தவர்களுக்கு 1,30,671 மடல்கள்.

மூன்றும் சந்துமுனைக் கடைகள் அல்ல. சட்ட ஆலோசகர், கணினித் துறை என்று எல்லாம் இருந்த நிறுவனங்கள். அங்கேயே "வேண்டாம்" என்ற சொல் வழியில் தொலைந்துபோகிறது என்றால், ஐந்து நிமிட வீடியோ பார்த்து இணைத்த இடத்தில் அது என்ன பாடுபடும்?

இதற்கு நேர் எதிராக நடந்துகொண்ட நிறுவனமும் அதே வருடம், அதே நாட்டில் இருந்தது. ஜே.டி. வெதர்ஸ்பூன் என்ற மதுக்கடைச் சங்கிலி. 2015-ல் அதன் பழைய வலைத்தளத்தின் டேட்டாபேஸ் திருடு போய், சுமார் ஆறரை லட்சம் வாடிக்கையாளர் விவரம் வெளியே போனது. 2017 ஜூனில் அந்த நிறுவனம், இனி மாதாந்திர மடலே கிடையாது, கையிலிருக்கும் மின்னஞ்சல் முகவரிகளை அழித்துவிடுகிறோம் என்று அறிவித்தது. மார்க்கெட்டிங் ஆட்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கடை ஒன்றும் மூடிவிடவில்லை.

"பட்டியல்தான் சொத்து" என்று மார்க்கெட்டிங் வகுப்பெடுப்பவர்கள் விடாமல் சொல்வார்கள். வணிகவியல் படிக்கிறவர்களாவது இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 38-ம், அதையொட்டிய இந்தியக் கணக்கியல் தரநிலை 38-ம், ஒரு நிறுவனம் தானே உருவாக்கிக்கொண்ட வாடிக்கையாளர் பட்டியலைப் புலனாகாச் சொத்தாக ஏடுகளில் காட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பிராண்டுப் பெயரோடு சேர்த்து ஒரே மூச்சில் விலக்கப்பட்ட பொருள் அது. அப்படிப் பட்டியலை உருவாக்க ஆகும் செலவை, வியாபாரத்தை மொத்தமாக வளர்க்க ஆகும் செலவிலிருந்து பிரித்துக் காட்ட முடியாது என்பது தரநிலையின் காரணம். அது கணக்கியல் காரணம். அதற்கு வெளியே சாதாரண காரணம் ஒன்றும் இருக்கிறது: பட்டியலில் இருப்பவர் எந்த நிமிடமும் எழுந்து போகலாம். எழுந்து போகக்கூடியவரைச் சொத்து என்று எழுத முடியுமா?

சொத்து அல்ல என்பதோடு நிற்கவில்லை, செலவும்கூட. மெயில்சிம்ப் 2019-ல் கட்டண முறையை மாற்றியபோது விலகியவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது. ஆவணக்கிடங்குக்குத் தனியாக ஒதுக்கி வைத்தால்தான் கணக்கில் வராது. "வேண்டாம்" என்று போனவருக்கும் சேர்த்து வாடகை கட்டிக்கொண்டு, அது தெரியாமலேயே இருக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

கணக்குப்பதிவியல் என்று வந்துவிட்டதால் இன்னொன்று. பதினோராம் வகுப்பிலேயே வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும். பலருக்கும் பிடிக்காத பாடம். கடைக்காரர் ரொக்க ஏட்டில் எழுதுவதும் வங்கி தன் ஏட்டில் எழுதுவதும் ஒரே பணத்தைப் பற்றித்தான். ஆனாலும் மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போகாது. கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போட்டிருக்க மாட்டார். வங்கி தன் கட்டணத்தைச் சொல்லாமல் எடுத்திருக்கும். யாரும் திருடவில்லை, இரண்டு புத்தகத்தை இரண்டு பேர் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அதனால் இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, சரிகட்டச் சொல்கிறது பாடம்.

டேட்டாபேஸ் ரொக்க ஏடு. மடல் கருவியின் பட்டியல் வங்கி ஏடு. நூறு ரூபாய் இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து தேடும் அதே முதலாளி, நூறு மனிதர்கள் இடித்தால் கண்டுகொள்வதே இல்லை. டேட்டாபேஸில் மடல் பெறுவோர் எத்தனை பேர், கருவியில் எத்தனை பேர், வித்தியாசம் எத்தனை, அதில் விலகியவர் எத்தனை, முகவரி செத்துப்போய்த் திரும்பி வந்தவை எத்தனை என்று மாதம் ஒருமுறை ஒரு தாளில் எழுதினால் போதும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு பிள்ளையை உட்காரவைத்தால் அரை மணியில் முடித்துவிடும். எத்தனை இடத்தில் நடக்கிறது?

"ஆளை வைத்துச் செய்தால் மட்டும் தப்பு வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வரும். இன்னும் சொல்லப்போனால் எரிதம் என்ற வியாதியே கையால் தட்டிய முகவரிகளில் பிறந்ததுதான். 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனை ஆள் கேரி துவெர்க், தம் நிறுவனக் கணினிகளின் செயல்விளக்கத்துக்கு ஆள் கூட்ட, ஆர்ப்பாநெட்டின் அச்சடித்த விலாசப் புத்தகத்திலிருந்து ஏறக்குறைய 400 முகவரிகளைத் தட்டச்சு செய்யவைத்து ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அதிகமாகி, பெறுநர் கட்டத்தில் இடம் போதாமல் வழிந்து, மிச்சம் மடலின் உடம்புக்குள்ளேயே கொட்டிவிட்டது! அச்சுப் புத்தகம் டேட்டாபேஸ், தட்டச்சு செய்தவர் ஆட்டோமேஷன். கேட்காதவர்களுக்கு அனுப்பியதற்குக் கண்டனம் வந்தது, கூடவே வியாபாரமும் வந்தது. அன்றைக்கே பாடம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கண்டனத்தை இணையவாசிகள் நினைவில் வைத்துக்கொண்டார்கள், வியாபாரத்தை விற்பனை ஆட்கள்.

ஆக, ஆட்டோமேஷன்மேல் கோபம் இல்லை. கையால் எக்செல் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது ஒரு வரிசை நகர்ந்து, ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு மடல் போகிற அபத்தத்தை இது நிறுத்துகிறது. திங்கட்கிழமை விடுமுறை எடுத்த ஊழியரால் பட்டியல் நின்றுபோகாது. ஆனால் கையால் செய்யும்போது ஓர் இயற்கையான தடை இருந்தது. அலுப்பு! நூறு முகவரி தட்டியபின் "இவருக்கு எதற்கு, போன வாரம்தானே திட்டினார்?" என்று ஒரு மனிதருக்காவது தோன்ற வாய்ப்பிருந்தது. அம்புக்குறிக்கு அலுப்பு கிடையாது, போன வாரமும் கிடையாது. ஆள் நினைவில் வைத்திருந்ததை டேட்டாபேஸில் ஒரு பத்தியாக எழுதிவைக்காமல் ஆளை மட்டும் எடுத்துவிட்டால், நினைவும் சேர்ந்து போய்விடுகிறது.

அது எத்தனை கொடூரமாக முடியலாம் என்பதற்கு ஒரு சம்பவம். வாஷிங்டன் போஸ்ட்டில் பணியாற்றிய ஜில்லியன் ப்ராக்கெல் 2018 டிசம்பரில் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்திருந்தது. கர்ப்பமாக இருந்தபோது தேடியது, வாங்கியது எல்லாவற்றையும் கவனித்து விளம்பரம் காட்டிய இயந்திரங்கள், குழந்தை போனபின் தேடிய தேடல்களைக் கவனிக்கவில்லை. விளம்பரங்கள் தொடர்ந்தன. இது பொருந்தாது என்று அவர் அழுத்தியபோது, குழந்தை பிறந்துவிட்டது போலும் என்று முடிவுகட்டி, தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான பொருட்களைக் காட்ட ஆரம்பித்தன. பிறகு ஒரு கடன் தகவல் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல், குழந்தையின் பதிவை முடித்துவிடுங்கள் என்று.

அந்த மடலை எழுதிய ஆள் யாரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. யாரும் அனுப்பவே இல்லை, அதுதான் விஷயம். ஒரு நிலைக்கு அடுத்த நிலை என்று படிக்கட்டு போட்டவர், நடுவில் இறங்கிப் போக ஒரு வழி வைக்கவில்லை. பிறந்தநாள் மடலும் அதே ஜாதிதான். தேதிப் பத்தியில் இன்றைய தேதி இருந்தால் வாழ்த்து போகும். அந்த வீட்டில் மாலை போட்ட படம் சுவரில் மாட்டி மூன்று மாதம் ஆகியிருக்கும்.

செய்ய முடியாத காரியம் இல்லை இது. பிரிட்டனில் பூ விற்கும் ப்ளூம் அண்ட் வைல்ட் 2019-ல், அன்னையர் தினத்துக்கு முன்பாகத் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் அனுப்பி, அன்னையர் தின விளம்பரம் மட்டும் வேண்டாம் என்றால் சொல்லுங்கள், மற்றவை தொடரும் என்றது. கிட்டத்தட்ட 18,000 பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். தாயை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், காரணம் சொல்ல விரும்பாதவர்கள். நிறுவனம் செய்ததில் தொழில்நுட்பம் என்று பார்த்தால் டேட்டாபேஸில் ஆம், இல்லை என்று இரண்டே விடை கொள்ளும் ஒரு பத்தி, மடல் கிளம்புமுன் அந்தப் பத்தியைப் பார்க்கும் ஒரு நிபந்தனை. இதைச் சொல்லித்தர எத்தனை நிமிட வீடியோ வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் (2003) முன்சம்மதமே கேட்காத தாராள சட்டம். அதுகூட விலகியவரை 10 வேலை நாளுக்குள் விட்டுவிடச் சொல்கிறது. 2018 மே மாதம் அமலுக்கு வந்த ஐரோப்பாவின் ஜிடிபிஆர், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்ததைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே வாசகம் உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய பிரிவுகளுக்கு அங்கிருந்து 18 மாத அவகாசம். எஸ்எம்எஸ் தொல்லைக்கு இந்தியாவில் 1909 என்ற எண்ணாவது இருக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு கிடையாது. சேர்க்க 15 நிமிடம், நீக்க "எங்கள் குழுவுக்கு எழுதுங்கள்" என்று வைத்திருக்கும் கடைகள், "கொடுத்ததைப் போலவே சுலபமாக" என்பதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றன?

சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் கூகுளுக்குப் பயந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புவோருக்குப் புது விதிகள் கொண்டுவந்தன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்பினால், ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும், ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. தொட்டால் மடல்கள் ஸ்பாம் பெட்டிக்கு. விளம்பர மடல் மட்டும் போனால் பரவாயில்லை. அதே டொமைனிலிருந்து போகும் பில், ரசீது, கடவுச்சொல் மடல் எல்லாமே சந்தேகப் பட்டியலில் மாட்டும். வாடிக்கையாளர் "வேண்டாம்" என்றால் மரியாதையாக விலகிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு விளம்பரக் கம்பெனி வந்து சொல்லித்தர வேண்டியிருந்தது!

கடைசியாக வரும் சாக்கு, "திரும்பும் அம்புக்கும் ஜாப்பியரில் டாஸ்க் கணக்கு ஏறுமே" என்பது. ஏறும். விலகும் ஒவ்வொருவருக்கும் ஒரு டாஸ்க். ஐந்து நூறு டாஸ்க் செலவழித்து ஆட்களைச் சேர்த்தபோது கணக்குப் பார்க்காதவர்கள், ஐந்து பேர் போகும்போது கணக்குப் பார்ப்பது என்ன வியாபாரமோ!

இணைப்பு அமைத்துக் கொடுத்தவரிடம் காசு கொடுக்குமுன் முதலாளி செய்துபார்க்க ஒரு சோதனை இருக்கிறது. சொந்த முகவரியில் ஒரு பில் போட வேண்டும். வரவேற்பு மடல் வரும்வரை பொறுத்து, வந்ததும் அடியிலுள்ள சுட்டியை அழுத்தி விலக வேண்டும். டேட்டாபேஸைத் திறந்து, அந்த வரிசையில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, அதே முகவரியில் இன்னொரு பில். ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மடல் வரவில்லை என்றால் காசைக் கொடுக்கலாம். "மீண்டும் வரவேற்கிறோம்" என்று வந்துவிட்டால், அமைத்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த மடலை அவர் வாயாலேயே வாசிக்கச் சொல்லலாம்.